அணைக்காத வண்டி

ஏறுங்க, ஏறுங்க, இதோ கிளம்பிருச்சு. பாத்து, படி உயரம். இந்த சீட்டுல உக்காருங்க சார். என்ஜின் பக்கத்துல கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், ஆனா காலை நல்லா நீட்டிக்கலாம்.

எப்பக் கிளம்பும்னு கேட்டீங்க? உண்மையைச் சொல்லட்டுங்களா? இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்குதுங்க. கோவிச்சுக்காதீங்க. இதோ கிளம்பிருச்சுன்னு சொன்னது வெளிய நிக்கறவங்களுக்கு. நீங்கதான் ஏறிட்டீங்களே, உங்ககிட்ட எதுக்குப் பொய்?

தொழில் ரகசியம் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. வண்டியை அணைச்சுப் போட்டுட்டு நின்னா ஒருத்தர் ஏற மாட்டாங்க. எட்டிப் பாப்பாங்க, டிரைவர் சீட்டு காலியா இருக்கும், என்ஜின் செத்துக் கிடக்கும். இவன் இப்போதைக்கு எடுக்க மாட்டான்னு பக்கத்து வண்டிக்குப் போயிருவாங்க. அதே வண்டி உறுமிக்கிட்டு நின்னா ஓடி வருவாங்க. ஓரடி முன்னால போயி ஓரடி பின்னால வந்தா, கைக்குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு விழுந்தடிச்சு வருவாங்க. இதோ, இப்ப நகத்தறேன் பாருங்க. அந்தப் பச்சைப் பொடவை அம்மாவைப் பாருங்க. வந்தாங்களா? ஏறினாங்களா? அவ்வளவுதான். ஏறினப்பறம் அவங்களுக்கும் விஷயம் தெரிஞ்சுரும். தெரிஞ்சு என்ன பண்ணுவாங்க? சீட்டுக் கிடைச்ச மனுசன் எந்திரிக்க மாட்டானுங்க.

இருபத்தியேழு வருசமா இதே ரூட்டு. சென்னியப்பன் வண்டின்னு கேட்டா சின்னக் குழந்தைக்கும் தெரியும். மொதலாளி மூணு பேரு மாறிட்டாங்க, வண்டி நாலு மாறிருச்சு, டிரைவர் நான்தான்.

ஐயோ, ஜன்னலைச் சாத்துங்க சார், சாத்துங்க! பக்கத்து வண்டிக்காரன் ரேஸ் குடுக்கறான் பாருங்க, கரும்புகை. ஏய்! டேய்! உள்ள பூராப் புகை வருதுடா! மனுசங்க உக்காந்திருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?... சிரிக்கறான் பாருங்க. எல்லாம் நேத்து லைசென்ஸ் வாங்கினவனுங்க. நம்ம வண்டியும் புகை விடும், இல்லேன்னு சொல்லலை. ஆனா நம்மளுது சர்டிபிகேட் வாங்கின புகைங்க. கண்ணாடியில ஒட்டியிருக்குது பாருங்க. டெஸ்ட்டுக்குப் போற அன்னைக்கு டீசல் பம்ப்பைக் கொஞ்சம் கொறைச்சு வெப்போம். முடிஞ்சு வந்ததும் பழையபடி ஏத்திக்குவோம். இல்லேன்னா மேடு ஏறாது. எல்லாரும் பண்றதுதான்.

இருமறீங்களே. டவுன்ல ஐஸ் தண்ணி குடிச்சீங்களா? அதுதான். இந்தாங்க, இந்த டப்பாவுல பனங்கற்கண்டு இருக்குது, ஒண்ணு எடுத்து வாயில போட்டுக்கங்க. ஒண்ணு போதும். மிச்சம் ஒரு ஆளுக்கு வெச்சிருக்கேன்.

யாருக்கா? இந்தக் கண்ணாடியில பாருங்க. இப்படிக் கொஞ்சம் சாஞ்சு பாருங்க. வண்டிக்குப் பின்னால, வாழைத்தாரு தொங்குது, தெரியுதுங்களா? தண்ணி பாட்டில், பிஸ்கட்டு, வாரப் பத்திரிகை. மூக்கையும் வாயையும் சேத்துத் துணி கட்டிக்கிட்டு ஒரு பொண்ணு உக்காந்திருக்குதே, அதுதான். எம் பொண்ணு. வசந்தாமணி.

என் வண்டி மேல மனுக் குடுத்தவ.

ஆமாங்க. பெத்த அப்பன் வண்டி மேல. நீங்க வெளியூர்க்காரர், உங்களுக்கு ரெண்டு பக்கமும் வேண்டியவங்க இல்லை, நீங்களே ஞாயம் சொல்லுங்க.

அவ வீட்டுக்காரன் ஸ்பின்னிங் மில்லுல ஷிப்டு. தங்கமான பையன், ஆனா வாரத்துல பாதி நாள் வேலை இருக்கும், பாதி நாள் இருக்காது. மூணு வருசத்துக்கு முன்னால இங்க கடை ஏலம் வந்துச்சு. நான்தான் அலைஞ்சேன். எந்தக் கடை வேணும்னு கேட்டாங்க. வாசல்கிட்ட ஒண்ணு இருந்துச்சு, நல்ல காத்தோட்டம். எனக்கு அது வேண்டாம், மூணாவது ரேக்குக்குப் பின்னால இருக்கற கடைதான் வேணும்னு நின்னேன். ரேக்குன்னா வண்டி நிறுத்தற எடமுங்க. மூணாவது ரேக்கு நம்மளுது. பொண்ணு அப்பன் கண்ணு முன்னால இருக்கட்டுமேன்னு.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? இந்த ஸ்டாண்டுல அத்தனை வண்டியும் மூஞ்சியைக் கடைப் பக்கம் காட்டித்தான் நிக்கும். நான் ஒருத்தன்தான் ரிவர்ஸ்ல வந்து நிறுத்துவேன். ஏன்னா, அப்பத்தான் இந்தக் கண்ணாடியில அவ தெரிவா. கடை மேற்க பாத்த கடை. மத்தியானம் திரும்பினா வெயிலு உள்ள வந்து உக்காந்துக்கும். வண்டியை ரெண்டடி விட்டு ஒட்டி நிறுத்தினேன்னா, பந்தல் போட்ட மாதிரி நிழல். ஒரு நாளைக்கு ஆறு நடை, நடைக்கு இருபது நிமிஷம் இங்க நிப்பேன். ரெண்டு மணி நேர நிழலுங்க. எந்த அப்பன் குடுப்பான்?

மாரப்பா! அந்தப் பெரியவருக்கு ஒரு கை குடு, மூட்டையைத் தூக்கிப் போடு! இவன் நம்ம கண்டக்டர். நல்லவன், ஆனா வாய் சும்மா இருக்காது.

எங்க விட்டேன்? நிழல். அப்பறம் ரேஸு. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு கணக்கு உண்டுங்க. அவ ஒண்ணாப்பு ரெண்டாப்பு படிக்கறப்போ, காலைல வண்டியை எடுத்தா எங்க வீதி வழியாத்தான் வருவேன். வீட்டு முன்னால நிறுத்தி ரெண்டு தடவை ரேஸ் குடுப்பேன். விர்ர்... விர்ர்... பாதித் தலை பின்னியிருக்கும், மீதி விரிஞ்சிருக்கும், அப்படியே ஓடி வருவா. அந்தப் புகைக்குள்ளயே நின்னு கையாட்டுவா. "டீசல் வாசம் சூப்பரா இருக்குதுப்பா"ன்னு மூக்கை இழுத்து இழுத்துக் காட்டுவா. அந்தப் பழக்கம் விடவே இல்லைங்க. அவ கல்யாணத்தன்னைக்கு மண்டபத்து முன்னால நிறுத்திக் குடுத்தேன். இங்க கடை போட்டப்பறம் வரப்போ ஒருக்கா, போறப்போ ஒருக்கா. ரெண்டு ரேஸு. அவ கையைத் தூக்குவா. அது போதுமுங்க எனக்கு, அடுத்த நடை வரைக்கும் ஓடும்.

இருமல் வந்தது போன மாசி மாசம்.

முதல்ல ஐஸ் தண்ணின்னு நெனச்சேன். கடையில பிரிட்ஜு இருக்குது, வெயில் காலம், எடுத்துக் குடிச்சிருப்பா. பிரிட்ஜைத் தொடாதேன்னேன். தொடலை. இருமல் நிக்கலை. சரி, ஊதுவத்திதான் காரணம்னு, சாமி படத்துக்குக் கொளுத்தறதை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினா. நிக்கலை. வாழைப்பழம் சளின்னேன். கடலை எண்ணெய்ன்னேன். அவ மாமியாளைக்கூடச் சந்தேகப்பட்டேன், பாவம், அந்தம்மா தாளிக்கறப்போ மொளகாய் கொஞ்சம் ஜாஸ்தி போடும். தூதுவளை பறிச்சுட்டு வந்து குடுத்தேன். ஆடாதொடை, மொளகு, இந்தக் கற்கண்டு. எத்தனை பாத்திருக்கேன்! எதுலயும் கொறை வெக்கலை.

அப்பறம் ஒரு டாக்டர்கிட்டப் போனா. அவர் என்னம்மா தொழில்னு கேட்டாராம். பஸ் ஸ்டாண்டுல கடைன்னாளாம். கடை எந்தப் பக்கம்னு கேட்டாராம். நான் கேக்கறேன், டாக்டருக்கு எதுக்குங்க கடை எந்தப் பக்கம்? நாக்கை நீட்டு, மூச்சை இழுன்னு சொல்லலாம், அது தொழிலு. அவர் படம் போட்டுக் காட்டச் சொன்னாராம். இவ மருந்துச் சீட்டுக்குப் பின்னால கடையைப் போட்டு, வண்டியைப் போட்டு, புகைக் குழாய் எங்க வருதுன்னும் போட்டுக் காட்டியிருக்கறா. "கடையை மாத்து, இல்லைன்னா வண்டியை மாத்து. மருந்து அப்பறம்"ன்னாராம். ஒரு நீலக் குப்பி குடுத்தாரு. வாயில வெச்சு அமுக்கி உறிஞ்சறது. எனக்குப் புடிக்கலை. வயசானவங்க வெக்கறதுங்க அது. இருபத்தொம்பது வயசுல அதைப் புடிச்சா எப்ப விடறது?

எனக்கும்தான் இருமல் இருக்குது. காலைல எந்திரிச்சதும் அரை மணி நேரம், கரி கரியா வரும். துப்பிட்டு வண்டி எடுத்தா செரியாயிருது. தையக்காரனுக்கு முதுகு வலி இருக்கறதில்லையா, அந்த மாதிரி இது டிரைவருக்கு. நான் எந்த டாக்டர்கிட்டப் படம் போட்டேன்?

வாங்க, வாங்க, எடம் இருக்குது, உள்ள போங்க! இதோ கிளம்பிருச்சு!

ஒரு நா அவ ரெண்டு துண்டு கொண்டுட்டு வந்தா. வெள்ளைத் துண்டு, ஒரே நாள்ல ஒரே கடையில வாங்கினது. ஒண்ணை வீட்டு வாசல்ல தொங்கவிட்டிருக்கறா, ஒண்ணைக் கடைக்குள்ள. ஒரு வாரம். ரெண்டையும் கொண்டுட்டு வந்து, இதோ இந்த பானெட்டு மேல விரிச்சா. "பாருங்கப்பா"ன்னா. கடைத் துண்டு, மெக்கானிக்கு கை தொடைக்கற துணி மாதிரி இருந்துச்சு. வீட்டுத் துண்டு வெள்ளை. நான் என்ன சொன்னேன்னா, வீட்டுத் துண்டுக்கு நீ நீலம் போட்டிருப்பே அம்மிணின்னேன். சிரிப்பான்னு நெனச்சேனுங்க. சும்மா சிரிக்கட்டுமேன்னு சொன்னது. சிரிக்கலை. ரெண்டையும் மடிச்சா, எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

அடுத்த நாள் கேட்டா. "நிக்கற நேரத்துல அணைச்சு வெச்சா என்னப்பா? நான் கடையை மூடச் சொல்லலை, வண்டியை விக்கச் சொல்லலை. நிக்கற இருபது நிமிஷம்."

"அணைச்சா ஏர் இறங்கிரும் கண்ணு. பிரேக்குக்கு ஏர் வேணுமில்ல?"

"மெக்கானிக்கு கரீம் பாயைக் கேட்டேன். இருபது நிமிஷத்துல இறங்காதுன்னாரு."

"பேட்டரி வீக்கு. செல்ஃப் எடுக்காது. நாலு பேரு இறங்கித் தள்ளணும், மானம் போகும்."

"பேட்டரி மாத்தச் சொல்லி மொதலாளிகிட்டக் கேட்டீங்களா?"

கேக்கலைங்க. கேட்டா, கலெக்‌ஷன் இருக்கற லட்சணத்துக்கு பேட்டரி வேறயான்னு அவர் கேப்பாரு. அவருக்கு நான் பதில் சொல்லணும். இவளுக்கு அதெல்லாம் புரியாது.

"அப்படின்னா மத்தவங்களாட்டம் மூஞ்சியை இந்தப் பக்கம் வெச்சு நிறுத்துங்கப்பா. புகையாச்சும் அந்தப் பக்கம் போகட்டும்."

பாத்தீங்களா? அப்பன் மூஞ்சி தெரியணும்னு சொல்லலை. புகை அந்தப் பக்கம் போகட்டும்ங்கறா. திருப்பி நிறுத்தினா கண்ணாடியில ரோடுதான் தெரியும், இவ எங்க தெரியறது? அதைச் சொல்லலைங்க நான். நிழல் போயிரும்னு மட்டும் சொன்னேன்.

அதுக்கப்பறம்தான் மனு. இருபத்திரெண்டு கடைக்காரங்க கையெழுத்து. நகராட்சி ஆபீசுல எல்லா டிரைவரையும் கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. அதிகாரி மனுவைப் படிக்கறாரு. மனுவோட அந்தத் துண்டு, பிளாஸ்டிக் கவர்ல போட்டு, ஆதாரம்னு எழுதி. "முதல் கையெழுத்து, செ. வசந்தாமணி"ன்னு படிச்சாரு. செ.ன்னா யாருங்க? சென்னியப்பன். கல்யாணம் ஆகி ஆறு வருசமாச்சு, இன்னும் என் எழுத்தைத்தான் முன்னால போடறா. என் எழுத்தை முன்னால வெச்சு, என் வண்டி நம்பரையே முதல் நம்பரா எழுதியிருக்கறா. எல்லாரும் திரும்பி என்னைப் பாக்கறாங்க. இந்த மாரப்பன் காதுகிட்ட வந்து, "அண்ணா, பாப்பா கையெழுத்து முத்து முத்தா இருக்குதுங்கண்ணா"ங்கறான். உதைக்கலாம்னு இருந்துச்சு.

நேரா கடைக்கு வந்தேன். "எத்தனை வண்டி இருக்குது அம்மிணி இந்த ஸ்டாண்டுல? என் நம்பர்தான் முதல்ல கிடைச்சுதா?"ன்னேன்.

"உங்க நம்பர்தாம்ப்பா எனக்கு மனப்பாடமா தெரியும்"னா.

அதுக்கு என்ன அர்த்தம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கலை. நக்கலா சொன்னாளா, நெசமா சொன்னாளா?

போர்டு வெச்சாங்க. அதோ தெரியுது பாருங்க, தூண்ல. இப்ப அதுமேல ஜவுளிக்கடை போஸ்டர் ஒட்டிட்டாங்க. "நிலையத்துக்குள் என்ஜினை அணைக்கவும்." ஒரு போலீஸ்காரரும் வந்து நின்னாரு. பத்து நாள். பத்து நாளும் ஒரு வண்டி உறுமலைங்க. அந்தப் பத்து நாளை நீங்க பாத்திருக்கணும். ஸ்டாண்டே எழவு வீடு மாதிரி. காக்கா கத்தறது கேக்குது. டீக்கடையில டம்ளர் வெக்கற சத்தம் கேக்குது. ஜனங்க எந்த வண்டி முதல்ல எடுக்கும்னு தெரியாம அங்கயும் இங்கயும் முழிக்கறாங்க. எனக்குக் காலு சும்மா இருக்க மாட்டேங்குது. ஆக்சிலேட்டர்ல கால் வெச்சே பழகினவன், சும்மா வெக்கறதுக்கு அந்தக் காலுக்குத் தெரியலை. இறங்கறேன், வண்டியைச் சுத்தி நடக்கறேன், ஏறறேன், இறங்கறேன்.

வந்து நின்னப்போ ரேஸ் குடுக்கவும் முடியலை. ஒரு தடவை கையைத் தூக்கிக் காட்டினேன். அவ பாக்கலை. பழம் யாருக்கோ எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்தா.

பத்தாம் நாள். ரெண்டே முக்கால் நடை. வண்டியை அணைச்சுட்டு இறங்கிப் பின்னால போறேன். பின் டயர்கிட்டப் போனதும் ஒரு சத்தம். மெல்லிசா. கீ... கீ... விட்டு விட்டு. ஏர் லீக்குதான்னு முடிவே பண்ணிட்டேன். பிரேக்குல ஏர் லீக்குன்னா விளையாட்டில்லைங்க, அறுபது உசிரு ஏறுது. காதை வெச்சுக் கேட்டா, நிக்குது, மறுபடி வருது. கரீம் பாயைக் கூப்பிட்டேன். அவர் பட்டறை ஸ்டாண்டு வாசல்லயே இருக்குது. சோப்புத் தண்ணியைக் கரைச்சு எடுத்துக்கிட்டு வந்து, முதுகுக்கு அட்டையை விரிச்சு அடியில போனாரு. ஒவ்வொரு ஜாயிண்டா நுரை வெச்சுப் பாக்கறாரு. லீக்கு இருந்தா நுரை கொப்பளிக்கும்.

"ஒண்ணுமில்லீங்கண்ணா, கல்லு மாதிரி இருக்குது"ங்கறாரு அடியில இருந்து.

"நல்லாப் பாருங்க பாய். எனக்கு இங்க நின்னா கேக்குது. இந்தா, இப்ப வந்துச்சே, கேக்கலையா?"

அவர் படுத்தபடியே காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டாரு. அப்பறம் மெதுவா வெளிய வந்தாரு. சோப்புக் கையை வேட்டியில தொடைச்சாரு. என்னைப் பாக்கலை. "கேக்குதுங்கண்ணா. வண்டியில இல்லை"ன்னாரு. கடைப் பக்கம் பாத்தாரு.

வசந்தாமணி ஸ்டூல்ல உக்காந்திருந்தா. ரெண்டு கையையும் முட்டியில ஊனிக்கிட்டு, தோளு ரெண்டும் காதுகிட்ட ஏறி ஏறி இறங்குது. அவ நெஞ்சுல இருந்து வந்துச்சுங்க அந்தச் சத்தம். ஆறடி தூரத்துக்குக் கேட்டுச்சு. அவ முன்னால ஒரு பாட்டியம்மா பத்து ரூபாய்க்குப் பழம் கேட்டு நிக்குது, இவளுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. விரலைக் காட்டறா, ரெண்டு பழம்னு.

எத்தனை நாளா அந்தச் சத்தம் இருந்துச்சோ. வண்டி ஓடிக்கிட்டிருந்தா எனக்கு எப்படிக் கேக்கும்?

நான் என்ன பண்ணினேனா?

வண்டியில ஏறினேன். ஸ்டார்ட் பண்ணினேன்.

ஏங்க அப்படிப் பாக்கறீங்க? பேட்டரி இறங்கிருமில்ல? வெயில் வேற. அதுவும் பத்து நாளா அணைச்சு அணைச்சு வெச்சு, செல்ஃபு ஏற்கெனவே மொனகிக்கிட்டிருந்துச்சு. அதுக்காகத்தான். மாரப்பனைக் கேளுங்க, பேட்டரிக்காகத்தான்னு அன்னைக்கே அவன்கிட்டச் சொன்னேன். ஸ்டார்ட் ஆனதும், சொன்னா நம்ப மாட்டீங்க, உடம்பே லேசானது மாதிரி இருந்துச்சு. ஒண்ணும் கேக்கலை. காக்கா கேக்கலை, டம்ளர் கேக்கலை. நான் எடுத்ததைப் பாத்து அந்தப் பக்கம் ஒருத்தன் எடுத்தான். அப்பறம் ஒருத்தன். பத்து நிமிஷத்துல ஸ்டாண்டு பழையபடி ஆயிருச்சு. போலீஸ்காரரு என்ன பண்ணுவாரு, எத்தனை பேரைப் புடிப்பாரு? சாயங்காலமே அவரும் டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டாரு.

கரீம் பாய்தான் அவளை ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போனாரு. நான் போகலாம்னா நடை இருக்குது, வண்டியை யார்கிட்ட விடறது? அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில இருந்தா. தினமும் போனேன். போனா கண்ணை மூடிக்குவா. தூங்கறான்னு நர்சுகிட்டச் சொல்லிட்டு வந்துருவேன்.

மாசி, பங்குனி, சித்திரை... இப்ப ஆடி. போர்டு வெச்சது சித்திரைக் கடைசி. மூணு மாசமா எங்கிட்டப் பேச்சில்லை. மூக்குல துணி. வேற கடை கேட்டு எழுதிக் குடுத்திருக்கறாளாம், வாசல்கிட்ட. கடை காலியானா தரோம்னு சொல்லியிருக்காங்களாம். இதுவும் கரீம் பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போயிட்டான்னா இந்தக் கண்ணாடியில என்ன தெரியும்? நீங்களே சொல்லுங்க. வெறுஞ் செவுரு.

நான் விடலை. ஒவ்வொரு வாரமும் கற்கண்டு வாங்கி இந்த டப்பாவுல போட்டுக் கொண்டு போவேன். வாங்க மாட்டா. நான் வண்டியில இருந்து இறங்கி வரதைப் பாத்தாலே உள்ள திரும்பி பாட்டில் அடுக்குவா. அடுக்கின பாட்டிலையே மறுபடி அடுக்குவா.

ஆமா, நீங்க ஏறறப்போ தண்ணி பாட்டில் வாங்கணும்னீங்களே? இன்னும் ஏழு நிமிஷம் இருக்குது. சீட்டுக்குப் பயப்படாதீங்க, பையை வெச்சுட்டுப் போங்க. அந்தக் கடையில வாங்குங்க. அப்படியே இந்த டப்பாவைக் குடுத்துருங்க. நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க. இல்லை, சொல்லுங்க. அவளுக்கு டப்பாவைப் பாத்தாலே தெரியும். நெஞ்சுக்கு நல்லதுன்னு அப்பா சொன்னாருன்னு சொல்லுங்க. போயிட்டு வாங்க. நான் எடுத்துர மாட்டேன்.

வந்துட்டீங்களா? டப்பா கையிலயே இருக்குதே. வாங்கலையா?

என்ன சொன்னா? அவளே பேசினாளா, உங்ககிட்ட? சொல்லுங்க, அப்படியே சொல்லுங்க.

வண்டியை அணைக்கச் சொன்னாளா. அணைச்சா, அவளே வந்து வாங்கிக்கறேன்னாளா?

அவளே வரேன்னாளா? வண்டிக்கு?

பேசறப்போ அவளுக்கு மூச்சு... வேண்டாம், சொல்லாதீங்க. அது வேண்டாம்.

அஞ்சு நிமிஷம் இருக்குது. அஞ்சு நிமிஷம் அணைச்சா என்ன ஆயிரும், இல்லைங்களா? இதோ, இந்தக் குமிழை இழுத்தா அவ்வளவுதான். பாருங்க, கை வெச்சுட்டேன். கண்ணாடியில பாருங்க, எந்திரிச்சு நிக்கறா. இந்தப் பக்கம்தான் பாக்கறா. எத்தனை மாசமாச்சு, இந்தப் பக்கம் பாத்து...

என்னடா மாரப்பா? தெரியும்டா. தெரியும், பக்கத்து வண்டிக்குப் போயிருவாங்கன்னு தெரியும். நீ டிக்கெட்டைக் கிழி.

அணைச்சுருவேன். அணைக்கறது பெரிசில்லைங்க. அணைச்சதும் எல்லாம் கேக்குமே. அவ இந்தப் படியில ஏறி வரணும், இந்தப் பின் டயரைத் தாண்டி, பக்கவாட்டுல நடந்து. வர வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கணுமே. அப்பறம் பேட்டரி. எடுக்கலைன்னா அவ முன்னால நாலு பேரு தள்ளுவாங்க. பக்கத்துக் கடைக்காரங்க எல்லாம் பாப்பாங்க. உங்களுக்கும் லேட்டாகும், அந்தப் பச்சைப் பொடவை அம்மாவுக்கும் லேட்டாகும்.

மூணு நிமிஷம். இன்னும் நிக்கறா. கை எடுக்கலைங்க நான், பாத்துக்கங்க. குமிழ் மேலதான் இருக்குது. நீங்க சாட்சி.

ஊதிட்டான். கேட்டுச்சா விசிலு? டைம் கீப்பரு ஊதிட்டான். ரெண்டு நிமிஷம் முன்னாலயே ஊதிட்டான், அவன் வாட்சே எப்பவும் வேகம். என்ன பண்றதுங்க? ஊதினப்பறம் நிக்கக் கூடாது, அடுத்த டைம் வண்டிக்காரன் சண்டைக்கு வருவான். நான் அணைக்கத்தான் இருந்தேன். நீங்க பாத்தீங்க. அடுத்த நடைக்கு அணைச்சுரலாம். அடுத்த நடை நாலரைக்கு. வந்ததும் முதல் வேலையா அணைச்சுரலாம். டப்பாவை இங்கயே வெச்சுருங்க.

ரைட்டா, மாரப்பா? ரைட்டு!

இருங்க, இருங்க, எடுக்கறதுக்கு முன்னால ஒண்ணு. கண்ணாடியையே பாத்துக்கிட்டு இருங்க. விர்ர்... விர்ர்... இப்பப் பாருங்க. ஷட்டரைப் புடிக்கறா, பாருங்க, பாதிக்கு இறக்கிட்டா. புகையில சரியாத் தெரியாது, நல்லா உத்துப் பாருங்க. தெரியுதுங்களா? மூணு மாசமா இப்படித்தானுங்க. நான் ரெண்டு ரேஸு குடுப்பேன், அவ ஷட்டரை இறக்குவா. ஒரு நடைகூடத் தவறினதில்லை. வாயால பேசறதில்லையே தவிர, எம் பொண்ணு எனக்குப் பதில் குடுக்காம விட்டதில்லைங்க.